நான்காம் மாடி என்று எழுதியவர்

காப்புறுதி நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற மதிவாணனைத் தேடி, பெர்மாஸ் ஜெயாவில் இருந்த அவர் வீட்டுக்கு நஜ்முதீன் ஒரு கடிதத்தின் நகலுடன் வந்தார். அவருடைய வாப்பா கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஆபத்தான நிலையில் இருப்பதாக யாரோ பெயரில்லாமல் நகராட்சிக்குப் புகார் எழுதியிருந்தார்கள். உத்தரவும் வந்துவிட்டது: அறுபது நாளுக்குள் பொறியாளர் அறிக்கையுடன் பழுதுபார்க்க வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் காலி செய்ய வேண்டும். பழுதுபார்க்கப் பணமும் இல்லை: குடியிருப்பவர்களின் ஒப்பந்தம் முடியும்வரை வாடகையை ஏற்ற முடியாது. நாற்பது வருடக் கட்டடத்தை நம்பி வங்கியும் கடன் தரவில்லை.

"அங்க குடியிருக்கிற வேலுதான் எழுதியிருப்பான்" என்றார் நஜ்முதீன். "லிஃப்ட் பழுதானப்போ சத்தம் போட்டவன் அவன் ஒருத்தன்தான். நல்லாதானே பார்த்துக்கிட்டேன், மதி."

விடுமுறை நாட்களில் மதிவாணனுக்கு உதவ வரும் பழைய சக ஊழியர் ஷர்மினி, உடனே வேலுவை விசாரிக்கலாம் என்றாள். மதிவாணன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தார். மலாயில் தட்டச்சு செய்த நான்கே வரிகள். நான்காம் மாடியில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சமையலறைக் கூரையில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது, கட்டடத்தின் பின்பக்கத்தை மூடுங்கள் என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலை மதிவாணனும் ஷர்மினியும் குடியிருப்புக்குப் போனார்கள். நான்கு ராசியில்லாத எண் என்பதால் லிஃப்டில் மூன்றுக்கு மேல் நான்கு இல்லை, 3A என்றிருந்தது. குடியிருந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். வேலு அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போய், போன மாதம் மேலிருந்து கான்கிரீட் துண்டு விழுந்த இடத்தைக் காட்டினான். அவனுடைய சின்ன மகள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாளாம். நஜ்முதீனின் மனைவி மைமூன் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாராம். காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

மாலையில், குடியிருப்பை அடுத்திருந்த நஜ்முதீன் வீட்டுக் கூடத்தில், அவர் வாப்பாவின் கட்டட வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மதிவாணன் மெதுவாகப் பேசினார்.

"வேலு இல்ல. அங்க குடியிருக்கிறவங்க யாரும் நாலாவது மாடின்னு சொல்லமாட்டாங்க. அந்தப் பேரு உங்க வாப்பாவோட பழைய வரைபடத்துல மட்டும்தான் இருக்கு. பூட்டின வீட்டுச் சமையலறைய உள்ள போகாம பார்க்க முடியாது. சாவியும் வரைபடமும் இந்த வீட்டுலதான் இருக்கு."

ஷர்மினி நிமிர்ந்து மைமூனைப் பார்த்தாள். மைமூன் மறுக்கவில்லை.

"மூணு தடவ சொன்னேன்" என்றார் கணவரிடம். "அடுத்த வருஷம் பார்ப்போம்னீங்க. அந்தப் பிள்ள தலைக்கு ஒரு அடி தள்ளித்தான் விழுந்துச்சு. அப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல."

"வாப்பா கட்டினது, மைமூன். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

நஜ்முதீன் கையிலிருந்த நகலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஷர்மினிக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே முடியவில்லை.

பழுதுபார்க்கப் பணம் புரளாமல் கட்டடம் விலைபோனது. எல்லாரும் காலி செய்த கடைசி நாளில் மதிவாணனும் ஷர்மினியும் போயிருந்தார்கள். லாரியில் சாமான் ஏற்றிவிட்டு வந்த வேலு, புகார் எழுதி எங்களைத் தெருவில் நிறுத்தியது யார் என்று நஜ்முதீனிடம் கேட்டான். மைமூன் வாய் திறக்கப் போனார். நஜ்முதீன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான்தான்பா எழுதினேன்" என்றார்.

வேலு அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினான்.