ஒப்பீட்டு ஓட்டம்

நாற்பத்தோராவது விண்ணப்பதாரர் எழுந்து போனபோது நாற்காலியின் கைப்பிடித் துணி ஈரமாக இருந்தது. எல்லோருக்கும் அங்கேதான் வியர்க்கும். ஜெனோவா துணியை மாற்றிவிட்டு நிகர்கரையை ஓடவிட்டாள்.

சங்குத்துறை மாவட்டம் முழுவதும் நிகர்கரை என்ற அந்தக் கணினி மாதிரிக்குள் இருந்தது. வீடுகள், படகுகள், மனிதர்கள், யார் யாருடைய பேச்சைக் கேட்பார்கள் என்பது வரை. ஒவ்வொரு நிமிடமும் மாவட்டத்தின் பேச்சையும் நடமாட்டத்தையும் உள்வாங்கி அது தன்னைத் திருத்திக்கொள்ளும். தலைமை நிர்வாகி பதவிக்கு விண்ணப்பித்தவர் இந்த நாற்காலியில் மூன்று மணி நேரம் அமர்ந்து பதில் சொல்ல வேண்டும். முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: காற்று எழுகிறது, முதலில் யாரிடம் சொல்வீர்கள்? பதில்களிலிருந்து அவருடைய மனத்தின் நகலாக ஒரு மனப்படி உருவாகும். அந்த மனப்படி நிகர்கரையில் ஐந்தாண்டு நிர்வாகம் செய்யும். வெளியே அது இருபது நிமிடம். கடந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது. ஓட்டிப் பார்க்காத ஆளை நியமிக்கக் கூடாது.

சாலை, குடிநீர், மருத்துவமனை எல்லாம் நன்றாகவே போயின. நான்காம் ஆண்டில் புயல் வந்தது. ஐந்தாண்டுக்குள் ஒரு பெரும்புயல் உறுதி என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எந்த மாதம் என்பதுதான் தெரியாது.

இறப்பு: 312.

செய்யக் கூடாத ஒன்றை ஜெனோவா மறுபடியும் செய்தாள். இறந்தோர் பட்டியலில் அண்ணன் மிக்கேலின் பெயரைத் தேடினாள். இருந்தது. நாற்பத்தொரு ஓட்டத்திலும் இருந்தது. இதுவரை வந்தவர்களில் சிறந்தவரின் ஓட்டத்தில் தொண்ணூற்றாறு பேர்தான் இறந்தார்கள். அந்தத் தொண்ணூற்றாறிலும் அவன் இருந்தான்.

மாவட்டப் பேரவைத் தலைவர் திரவியமும் உறுப்பினர் சுபைதாவும் உள்ளே வந்தார்கள்.

"என்னம்மா, இந்தாளும் தேறலையா?"

"முந்நூத்திப் பன்னெண்டு, ஐயா."

"கப்பற்படையில இருந்தவருன்னு சொன்னாவளே."

"அவரு போட்ட உத்தரவு சரிதான், ஐயா. நாப்பது நிமிஷம் பிந்திருச்சு. எல்லாரும் போனைக் கையில வச்சுக்கிட்டு அதுக்காகக் காத்திருந்தாங்க." அவள் திரையைப் பார்த்தே பேசினாள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் அடுத்த வாக்கியம் வராது. "ஒண்ணு செஞ்சு பாக்கலாமா? நாற்காலியில யாரையும் போடாம ஒரு ஓட்டம்."

"ஆளே இல்லாமயா? எதுக்கு?"

"ஒப்பீட்டுக்கு, ஐயா. மருந்து குடுத்த எலிக்குப் பக்கத்துல மருந்து குடுக்காத எலியையும் வைப்போம்ல."

"நம்ம சனத்தை எலின்னுட்டா," என்றார் சுபைதா. "ஓட்டு, பாப்போம்."

நிர்வாகி என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு ஓட்டினாள். சாலைகள் கெட்டன. குடிநீர் லாரிகள் தாமதமாக வந்தன. திரவியத்தின் முகம் சுருங்கியது. புயல் நாள் வந்தது. காற்று எழுந்ததும் நிகர்கரையின் மக்கள் போனைப் பார்த்தார்கள். செய்தி இல்லை. அனுப்ப ஆளும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பிறகு கடலைப் பார்த்தார்கள். காலை பத்து மணிக்கு மிக்கேல் தன் படகைக் கோயில் மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். தெருவே அவன் பின்னால் போயிற்று.

இறப்பு: 11. அதில் மிக்கேல் இல்லை.

ஐந்து முறை ஓட்டினாள். பதினொன்று, பதின்மூன்று, பத்து, பன்னிரண்டு, பதினொன்று.

"அப்ப அதையே அறிவிச்சிருவோம்," என்றார் சுபைதா. "ஆள் போடாம இருக்கிறதுதான் நல்லதுன்னு."

ஜெனோவா அந்த அறிவிப்பையும் சேர்த்து ஓட்டினாள். புயல் நாளில் நிகர்கரைக்குள் ஒரு பெண், "ஆள் இல்லாட்டியும் நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மிஷினே சொல்லிருக்கு," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

இறப்பு: 204.

திரவியம் திரையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "அப்ப விளம்பரம் போட்டுக்கிட்டே இருப்போம். ஆளைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்போம். எடுக்க மாட்டோம். எவனும் தேறலன்னு சொல்லுவோம்," என்றார்.

"வர்றவங்க பாவம்லா?" என்றார் சுபைதா.

"பாவந்தான். இது இந்த ரூமை விட்டு வெளிய போகப்படாது. ஏம்மா, உன்னையத்தான்."

ஜெனோவா தலையசைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மிக்கேல் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, யாரையாவது போட்டாவளா?"

"இல்லண்ணே."

"நாப்பது பேர்ல ஒருத்தன்கூடவா கெடைக்கல?"

"கெடைக்கல."

"அப்ப நம்ம பாட்டை நாமதான் பாத்துக்கிடணும்," என்றான்.

நிகர்கரையில், ஆள் இல்லாத ஓட்டத்திலும் அவன் இதையே சொல்லியிருந்தான். பல நாள் கழித்து அவளால் ஒரு முழு மூச்சு இழுக்க முடிந்தது.

"ஆனா எனக்குப் பயமில்லட்டி," என்றான் மிக்கேல். "நீ அங்கனதான இருக்க. ஒண்ணுன்னா சொல்லிருவல்லா. தெருவுலயும் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"எந்தங்கச்சி போன் அடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் நகர வேண்டாம்னு."

"எனக்கு என்னண்ணே தெரியும்? நான் மிஷின் ஓட்டுறவ."

"அந்த மிஷினுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அப்படி நெனைக்காத. காத்து எழும்புச்சுன்னா நீயா கடலைப் பாரு. எனக்காகக் காத்திருக்காத."

அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவன் கேட்டதில்லை. வலையைக் கீழே வைத்தான்.

"சரிட்டி," என்றான். "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

திங்கட்கிழமை காலை, நாற்பத்திரண்டாவது விண்ணப்பதாரர் வெளியே பெஞ்சில் சான்றிதழ்க் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவரை அழைப்பதற்கு முன் ஜெனோவா ஒப்பீட்டு ஓட்டத்தை இன்னொரு முறை தொடங்கினாள். நிர்வாகி கட்டத்தை வெறுமையாக விட்டாள்.

நிகர்கரை அதைத் தானே நிரப்பியது.

தலைமை நிர்வாகி: ஜெனோவா. சொல்லுக்குக் காத்திருப்போர்: 214.

அழித்தாள். மறுபடி வந்தது. எண் 219 ஆகியிருந்தது. கீழே ஒரு வரி: மனப்படி இல்லை. விண்ணப்பதாரர் அமரவும்.

அவள் கதவைத் திறந்து, "கொஞ்சம் நேரம் ஆகும், சார்," என்றாள். அவர் பரவாயில்லை என்று அவசரமாகச் சிரித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

காற்று எழுகிறது, முதலில் யாரிடம் சொல்வீர்கள்?

நாற்பத்தொரு பேரும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு பேரவை என்றார்கள், துறைமுகம் என்றார்கள், கடற்காவல் என்றார்கள். அவளுக்கு யோசிக்க எதுவும் இல்லை. அண்ணனின் பெயர் நாக்கின் நுனியிலேயே இருந்தது. அதைச் சொல்லிவிடாமல் இருக்கக் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தாள். புதிதாக மாற்றிய துணி, அதற்குள் ஈரமாகியிருந்தது.