சத்தம் போடாத குறட்டை

இந்தக் கதையில் ஒரு மெட்டு வருகிறது. அதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். முதல் பகுதி நிச்சயம். கடைசிப் பகுதியும் நிச்சயம். நடுப்பகுதியைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்த மெட்டு என் சித்தப்பாவின் பழைய கணினியில் பிறந்தது. கணினிக்கு என்னைவிட வயது அதிகம். வெள்ளைப் பெட்டி வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகியிருந்தது. ஓடுகிறதா என்று காட்டும் சிவப்பு விளக்கு எப்போதோ செத்துவிட்டது.

சித்தப்பா விடியும் முன்பே ரொட்டித் தொழிற்சாலைக்குப் போய்விட்டு மதியம் திரும்புவார். சாப்பிட்டதும் நேராகக் கணினி முன் உட்கார்ந்து இசை அமைப்பார். தகர டப்பாவுக்குள் குயில் கூவுவது போல ஓர் ஒலி அதிலிருந்து வரும். புதிய கணினிகளில் அது வராது என்பார்.

கணினி சூடாகாமல் இருக்க அதன் பின்பக்கம் ஒரு சின்ன விசிறி இருந்தது. அது சுற்றும்போது கொர்ர்ர் என்று சத்தம் போடும். அதனால் நான் கணினிக்குக் 'குறட்டை' என்று பெயர் வைத்தேன்.

அந்தச் சத்தத்தை வைத்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. சத்தம் கேட்டால் சித்தப்பா வேலை செய்கிறார். நின்றால் முடித்துவிட்டார். அவர் கணினியை மட்டும் அணைப்பார். சுவரில் இருக்கும் சுவிட்சை மறந்துவிடுவார். அம்மா போய் அதை அணைப்பார். ஒருமுறை இஸ்திரிப் பெட்டி மேசையைக் கருக்கியதிலிருந்து, அணைக்காத சுவிட்சைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது.

பிறகு தம்பி பிறந்தான். சித்தப்பா அவனைக் 'குட்டி முதலாளி' என்று கூப்பிடுவார்.

"தம்பி, நானும் எவ்வளவுதான் பொறுத்துக்கறது?" என்று ஒரு நாள் அம்மா சித்தப்பாவிடம் கேட்டார். "இப்பதான் குழந்தை கண்ண மூடினான். உங்க மெஷின் இரும ஆரம்பிச்சதும் முழிச்சுக்கிட்டான்."

"அது இருமல் இல்லம்மா, குறட்டை," என்றேன்.

"நீ சும்மா இரு. ஒண்ணு அது வாய மூடணும், இல்லன்னா பழைய சாமான் கடைக்குப் போகணும்."

அம்மாவின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. சித்தப்பாவுக்கு அப்போதுதான் முதன்முதலாக ஒருவர் இசை அமைக்கும் வேலை கொடுத்திருந்தார். பொம்மலாட்டக்காரர். யானைக்குட்டி ஒன்று வழி தவறி, பிறகு வீடு திரும்பும் காட்சிக்கு ஒரு மெட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார். சனிக்கிழமை வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

விசிறியைக் கழற்ற வேண்டும் என்று சித்தப்பா முடிவு செய்தார். ஆனால் பிளக்கைப் பிடுங்கியதோடு அன்று நிறுத்திக்கொண்டார்.

"ஏன் சித்தப்பா, இப்பவே திறக்கலாமே?"

"பிளக்கப் புடுங்கினாலும் உள்ள கொஞ்சம் கரண்ட் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். நாளைக்கு வரைக்கும் அது தூங்கட்டும். நீ கிட்ட போகாத, வாலு."

வாலு என்பது நான்.

மறுநாள் அவர் மூடியைத் திறந்தார். விசிறியில் சுண்டெலி அளவுக்குத் தூசி அடைந்திருந்தது. அவர் கழற்றிய திருகாணிகளை நான் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். பழைய விசிறியை எடுத்துக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் அதை விரலால் சுண்டினார்.

"இது விசிறி இல்ல சார், மாவு மில்லு," என்றார். "இந்தப் புதுசப் போடுங்க. பரீட்சை ஹால் மாதிரி இருக்கும்."

புதிய விசிறியின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது.

"அம்பு காட்டுற பக்கம்தான் காத்து போகும்," என்றார் சித்தப்பா. "மாத்திப் போட்டா சூடு உள்ளயே சுத்தும்."

அம்பு வெளியே பார்க்கும்படி வைத்தார். திருகாணிகளுக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார். மூடியை மூடி, சுவிட்சைப் போட்டார்.

ஒரு சத்தமும் இல்லை.

"ஓடலையா?" என்று கிசுகிசுத்தேன்.

சித்தப்பா செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து, விசிறிக்கு நேராகப் பிடித்தார். துண்டு படபடவென்று ஆடியது. நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் கைதட்டினோம்.

அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னும் போடலையா?"

"போட்டாச்சு அண்ணி."

அம்மா அந்தக் காற்றில் கையை நீட்டிப் பார்த்தார். வெகு நாட்களுக்குப் பிறகு சிரித்தார்.

ஒரு தொல்லை மட்டும் மிச்சம் இருந்தது. செய்த வேலையை வட்டில் சேமிக்கும்போது குறட்டை கறக் கறக் என்று பல்லைக் கடிக்கும். அதனால் சித்தப்பா, தம்பி விழிக்கும்வரை காத்திருந்து சேமிப்பார். முதல் பகுதியை அப்படித்தான் சேமித்தார். கடைசிப் பகுதியையும்தான். நடுப்பகுதி மட்டும் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது மாடிப்படியில் அவரைப் பார்த்தேன். முகம் பளபளத்தது.

"வாலு, வந்துடுச்சு! ஒரே மூச்சுல வந்துடுச்சு! வா, பிஸ்கட் வாங்கித் தரேன். குட்டி முதலாளி முழிச்சதும் சேமிச்சுட்டு உனக்குத்தான் முதல்ல போட்டுக் காட்டுவேன்."

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா குறட்டைக்கு மேல் தூசித் துணியைப் போர்த்திக்கொண்டிருந்தார். சுவர் சுவிட்ச் அணைந்திருந்தது.

"வழக்கம்போல சுவிட்ச மறந்துட்டீங்க தம்பி. நான் அணைச்சுட்டேன்."

எழுந்து போகும்போதெல்லாம் சித்தப்பா திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுவார். பழைய திரை, ஒரே படம் நெடுநேரம் நின்றால் தழும்பு விழும். ஆக, திரையில் வெளிச்சமில்லை. பெட்டியில் சத்தமில்லை. அம்மா வேறு என்ன நினைப்பார்?

சித்தப்பாவின் கையில் பிஸ்கட் பொட்டலம் நொறுங்கியது.

"நல்லதாப் போச்சு அண்ணி," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் தோளை அழுத்தினார். அம்மா சமையலறைக்குப் போனதும் கேட்டேன்:

"ஏன் சொல்லல?"

"சொன்னா மெட்டு திரும்பி வருமா? அண்ணிக்குக் கிடைக்கிற கொஞ்ச நேரத் தூக்கமும் போயிடும்."

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

அவர் முழங்காலில் விரலால் தட்டிப் பார்த்தார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். பிறகு கை அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அதுவும் தேய்ந்துவிட்டது.

போன மெட்டை என்னால் கொண்டுவர முடியாது. ஆனால் இதே தவறு நாளைக்கும் நடக்கலாம் அல்லவா? அந்தச் செய்தித்தாள் துண்டு எனக்கு நினைவுக்கு வந்தது.

பின்னலை அவிழ்த்து, என் நீல ரிப்பனில் ஒரு சாண் வெட்டினேன். குறட்டையின் முதுகில், விசிறிக்கு வெளியே இருந்த கம்பியில் முடிந்தேன். குறட்டை பக்கவாட்டில் நின்றதால் அதன் முதுகு வாசலிலிருந்தே தெரியும். சித்தப்பா சுவிட்சைப் போட்டார். ரிப்பன் எழுந்து ஆடியது.

தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அம்மா உள்ளே வந்தார். "இதென்ன, வால் முளைச்சிருக்கு?"

"அடையாளம்மா. இது ஆடினா குறட்டை முழிச்சிருக்கு. தொங்கினா தூங்குது. தொங்கும்போது மட்டும் சுவிட்ச அணைக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னேன். அது போதும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அம்மா ரிப்பனைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார்.

"நான் அணைச்சப்ப அது முழிச்சுக்கிட்டுதான் இருந்துச்சா?"

சித்தப்பா மேசைக்கு அடியில் எதையோ தேடினார். அங்கே ஒன்றுமே விழுந்திருக்கவில்லை.

"எவ்வளவு போச்சு தம்பி?"

"கொஞ்சம்தான் அண்ணி."

"கொஞ்சம்னா?"

"யானைக்குட்டி வழி தெரியாம நிக்கிற இடம்."

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மிக மெதுவாகச் சொன்னார்:

"சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு. பாதித் தூக்கத்துல இருந்தேன். இப்படித்தானே?"

அம்மா முணுமுணுத்தார். இறங்கி இறங்கிப் போய், முடியாமல் நிற்கும் ஒரு மெட்டு.

சித்தப்பா தலையைத் தூக்கினார். பேருந்துக்காகக் காத்திருக்கும் ஒருவர், வேறொரு பேருந்து வந்து நின்றால் பார்ப்பாரே, அப்படி ஒரு கணம் பார்த்தார். பிறகு அதிலேயே ஏறிக்கொண்டார்.

"இதேதான் அண்ணி! இன்னொரு தடவ பாடுங்க!"

அம்மா பாடப் பாட அவர் தட்டச்சு செய்தார். முடிந்ததும் தம்பியைப் பார்த்துத் தயங்கினார். அவன் அம்மா தோளிலேயே தூங்கிவிட்டிருந்தான்.

"அழுதா அழட்டும், முதல்ல சேமிங்க!" என்றார் அம்மா.

கறக் கறக். குட்டி முதலாளி வீடே அதிர அழுதான். யாரும் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை.

பொம்மலாட்டம் நடந்த அன்று, யானைக்குட்டி தனியாக நின்ற இடத்தில் பிள்ளைகள் கூட்டம் கப்சிப் என்று ஆகிவிட்டது. திரும்பி வரும் வழியில் கேட்டேன்:

"அது உங்க மெட்டுதானா சித்தப்பா?"

"நல்ல மெட்டு," என்றார்.

பொம்மலாட்டக்காரர் வயதாகி ஆட்டத்தை நிறுத்தும்வரை அந்த மெட்டையே வைத்திருந்தார். சித்தப்பா இப்போது தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். விடுமுறையில் இசை அமைக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை சேமிக்கிறார். தம்பி என்னைவிட உயரமாகிவிட்டான். இப்போது குறட்டை விடுவது அவன்தான். நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். பழைய கணினி அதே அறையில் இருக்கிறது. ரிப்பனின் நீலம் வெளுத்துவிட்டது. சுவிட்சைத் தொடும் முன் அம்மா இப்போதும் ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்கிறார்.