ஒரு ஆளு குறையுது

அந்தப் பாட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. கேதரினுக்குத் தெரியாதா என்ன, பாடியவளே அவள்தானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. பாடாங் செராய் தாமானில் வரிசை வீடுகளின் கோடியில் இருந்த அவள் வீட்டில், தையல் மெஷின் மேல் யாரோ கொடுத்த பள்ளிக்கூடப் பினஃபோர் பாதி தைத்தபடி கிடந்தது. அலமாரி மேலிருந்த ரேடியோவுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு, பதினோரு வயது மகள் ஜெனவீவ் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நேயர் விருப்பத்தில் அம்மாவின் பாட்டு. பதினாலு வருஷத்துக்கு அப்புறம்.

அது பெரட்டுப் பாட்டு. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெழுதும் கிராணி பேர் வாசிப்பாரே, அந்தப் பெரட்டு. பேர் கேட்டவன் குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை. கொடுக்காதவன் லயத்து வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். அதைத்தான் ஆர்மோனியக்கார நடராஜா பாட்டாகக் கட்டியிருந்தார். கேதரின் கிராணி மாதிரி மிடுக்காக ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பாடுவாள். நடராஜா 'வந்தேன்' என்பார், தபேலா இருளப்பன் 'வந்தேன்' என்பான், கித்தார் பக்கிரிசாமி மூக்கால் 'வந்தேன்' என்பான், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசியில் 'மூணு பேரு, ஆளு சரி' என்று அவள் இழுத்து முடிக்கவேண்டும்.

ரேடியோவில் அவளுடைய இருபது வயதுக் குரல் 'மூணு பேரு' என்றது. ஒரு மூச்சு இழுத்தது. 'ஒரு ஆளு குறையுது' என்று முடித்தது.

அறிவிப்பாளர் சாவகாசமாக அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். ஜெனி திரும்பினாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"அம்மா, நெசமாவே நீங்கதானா?"

"நான்தான்டி."

பிள்ளை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் கேதரின் அத்தனையும் செய்திருந்தாள். போன மாதம் இதே பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்து, "எங்கம்மா பாட்டுக்காரின்னு சொன்னேன், எல்லாம் சிரிக்கறாங்க, டீச்சருக்குக்கூட உங்களத் தெரியல, எதுக்கும்மா பொய் சொன்னீங்க" என்று கேட்டிருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிமணி இசைக்குழு என்றால் கூலிமிலிருந்து சுங்கை லாலாங் வரைக்கும் தெரியாத ஆளில்லாத காலம் ஒன்று இருந்தது; திருவிழாவுக்கு அவர்கள் வருகிறார்கள் என்றால் பக்கத்துத் தோட்டத்து ஜனம் லாரி பிடித்து வரும். கேசட் வந்தது, டிவி வந்தது, ஜனம் மறந்தது. மறக்கட்டும், யார் வேண்டாமென்றது. பெற்ற பிள்ளை பொய்க்காரி என்று பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால் ரேடியோவுக்குக் கார்டு எழுதிப் போட்டாள். சொந்தப் பாட்டைச் சொந்தப் பேரில் கேட்டால் மானக்கேடு. ஒரே ஒரு பேர் போட்டால் எடுத்துப் பார்க்கவும் மாட்டார்கள். நாலைந்து பேர் விரும்பிக் கேட்டால்தான் மரியாதை. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தவளுக்கு வேறு பேரே வரவில்லை. நடராஜா, இருளப்பன், பக்கிரிசாமி என்று எழுதிவிட்டாள். மூன்று பேரும் எழுபத்து மூன்றிலேயே செத்துப்போனவர்கள், கோபித்துக்கொள்ளவா போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த கணவன் மோரிஸிடம் சொன்னாள்.

"அது அந்தக் காலத்துல ரேடியோவுல எடுத்த பழைய டேப்புலா. தேஞ்சிருக்கும்" என்றான் அவன், சோற்றைப் பிசைந்தபடி.

"தேஞ்சா வார்த்தை போவுங்க. புது வார்த்தை எங்கேருந்து வரும்?"

"கார்டுல யாரு பேரு போட்ட?"

சொன்னாள். அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஆத்துமாக்கள் திருநாளைக்குச் செத்தவங்க பேர எழுதிக் கோயில்ல குடுக்கறோம். ஃபாதர் வாசிச்சு, போய் இளைப்பாறுங்கன்னு அனுப்பி வைக்கறாரு. நீ என்னா பண்ணியிருக்க? ரேடியோவுல பேரு வாசிக்க வச்சு, கையோட பெரட்டுப் பாட்டையும் போட வச்சிருக்க." தமாஷாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அவனுக்கே சிரிப்பு வரவில்லை. பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை அவள் தையல் மெஷினை மிதித்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெஷின் ரீங்காரம்தானே, எப்போதும் உள்ளதுதானே என்று இருந்தாள். பத்து மணிக்கு மேல் பிள்ளை பள்ளிக்கூடத்திலும் புருஷன் வேலையிலும் இருக்க, தெருவே வெயிலில் அடங்கிக் கிடந்த நேரத்தில், காலை எடுத்த பிறகும் அந்த ரீங்காரம் நிற்காமல் மெல்லியதாக, கம்பி போல, காதுக்குள் இழுத்துக்கொண்டே இருந்தது. ஐஸ் பெட்டியில் போய்க் காது வைத்தாள். அதே சத்தம். மேலே சுற்றிய காற்றாடியில் அதே சத்தம், குழாயில் தண்ணீர் விழுகையில் அதே சத்தம், எல்லாம் ஒரே இடத்தில் நின்று ஒரே சுருதியில் முனகின. ஐந்து கட்டை. அவளுடைய சுருதி. அவள் மேடையேறுமுன் நடராஜா ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டு, பாட்டுக்காரி எங்கே என்று கண்ணாலேயே தேடுவாரே, அந்தச் சுருதி.

புதன்கிழமைக்கு மேல் வாடையும் சேர்ந்துகொண்டது. அடுக்களையில் மீன் வறுக்கையில், படுக்கையை உதறுகையில், தைக்க வந்த புதுத் துணியை முகத்தருகே கொண்டுபோகையில்கூட, ஆற்றுச் சேறும் நனைந்து ஊறிய தபேலாத் தோலும் கலந்த ஒரு வாடை மூக்கில் வந்து அடைத்தது. பினாயில் போட்டு வீட்டைக் கழுவினாள். அது பினாயிலுக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

அவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. எழுபத்து மூன்றில், கரங்கான் பக்கம் ஒரு திருவிழாவில் பாடி முடித்துக் கிளம்புகையில், வேனில் இரும்புப் பலகையில் உட்கார்ந்தால் பட்டுச் சேலை கசங்கும் என்று அவள் கோயில் கமிட்டிக்காரர் வீட்டுக் காடியில், மெத்தை போட்ட காரில், ஏறிக்கொண்டாள். "நீங்க போங்கண்ணே, நான் பின்னால வாரேன்" என்று நடராஜாவிடம் சொன்னாள். பாலத்தில் வேன் கம்பியை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. காடி வந்து சேரும்போது தண்ணீருக்கு மேல் ஒன்றும் இல்லை. குறைகிற ஆள் அவள்தான், வேறு யார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் அடுக்களை நடுவில் நின்று சத்தமாகவே பேசினாள்.

"அண்ணே, வாரேன்னு சொன்னது நான்தான். மறக்கல. ஆனா எனக்கு ஒரே புள்ளண்ணே. அவ பெரியவளாகட்டும். அப்பறம் நானே வந்துர்றேன்."

சுருதி நின்றது. வீடு முழுக்கச் சட்டென்று அமைதி. அந்த அமைதிக்குள் மூன்று பேர் மூச்சு விடுவது கேட்டது, தண்ணீர் குடித்த மாதிரி கொரகொரவென்று. அதன்பிறகு சத்தமும் இல்லை, வாடையும் இல்லை.

கேதரின் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒத்துக்கொண்டார்கள் என்று நம்பினாள். ஆனாலும் அன்றைக்கே ரேடியோவில் இருந்த பேட்டரிகளைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். வயரையும் உருவி ஒளித்து வைத்தாள். ரேடியோ கெட்டுப்போச்சு என்று பிள்ளையிடம் சொன்னாள்.

ஒரு ஞாயிறு போனது, இரண்டு போனது, மூன்று போனது. ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குப் பசி எடுக்க ஆரம்பித்தது. ஜெனி பள்ளிக்கூடத்தில் பாட்டுக்காரி மகளாகி, தோழிகள் சூழ வீட்டுக்கு வந்து, "எங்கம்மா இவங்கதான்" என்று விரலை நீட்டிக் காட்டினாள். கேதரின் அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். இந்தச் சுகத்துக்கு முன்னால் அந்த ஒரு வாரப் பயமெல்லாம் எந்த மூலைக்கு என்று தோன்றியது அவளுக்கு.

நான்காவது ஞாயிறு. பூசை முடிந்து வந்து, கோழிக்கறியும் சோறும் தின்று, மோரிஸ் உள்ளே படுத்துக் குறட்டை விட ஆரம்பித்திருந்தான். ஜெனி செருப்பை மாட்டினாள்.

"எங்கடி?"

"பிரேமாவதி அக்கா வீட்டுக்கு. நம்ம வீட்டுலதான் ரேடியோ கெட்டுப்போச்சே."

"ரேடியோவுல என்னா இருக்கு?"

"சும்மாம்மா." பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது. "நீங்க வாசல்ல நில்லுங்க. அங்கேருந்தே கேக்கும்."

அதன் பிறகுதான் ஓடியது. பிரேமாவதி வீடு அந்தக் கோடியில், பதினாலாவது கதவு. கேதரின் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. தாமானில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது, எல்லா வீட்டிலும் ஒரே நிகழ்ச்சி. ஒரு வீட்டில் விட்ட வார்த்தையை அடுத்த வீடு பிடித்துக்கொண்டது.

"அடுத்ததாக ஒரு சின்ன நேயரின் கடிதம்" என்றார் அறிவிப்பாளர். "பாடாங் செராயிலிருந்து எழுதியிருக்கிறார். இது என் அம்மா பாடிய பாட்டு. என் அம்மா நன்றாகப் பாடுவார். எல்லோரும் மறுபடியும் கேட்க வேண்டும். ரொம்ப அழகாக எழுதியிருக்கிறீர்கள், கண்ணு."

அவள் கையிலிருந்த சட்டை நழுவியது.

"இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்கள், நடராஜா, இருளப்பன், பக்கிரிசாமி..."

பிள்ளை அந்தப் பேர்களைப் போன தடவை ரேடியோவில் கேட்டு மனசில் வைத்திருக்கிறது. அம்மாவின் ரசிகர்கள் என்று நினைத்திருக்கிறது. பாவம், அம்மாவுக்கு ரசிகர்கள் இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு அவர்களையும் சேர்த்து எழுதியிருக்கிறது.

"...மற்றும் ஜெனவீவ்."

கேதரின் ஓடினாள்.

ஆர்மோனியம் எடுத்தது. ஐந்து கட்டை. முதல் வீட்டில், இரண்டாவது வீட்டில், எல்லா வீட்டிலும். வாடை தெருவில் நின்றது. சேறு. ஈரத் தோல். செருப்பு கழன்றது. விட்டுவிட்டு ஓடினாள்.

'நடராஜா' என்று பாடியது அவளுடைய குரல்.

'வந்தேன்.'

ஏழாவது கதவு. யாரோ ஒரு பெண், "என்னாக்கா, ஒங்க பாட்டுதானே போவுது" என்று சிரித்தாள்.

'இருளப்பன்.'

'வந்தேன்.' அது பாடுகிற குரலாக இல்லை. தண்ணீரைத் துப்பிவிட்டுப் பேசுகிற குரல்.

பத்தாவது கதவு. மழை விழுந்தது. வழுக்கி விழுந்தாள். எழுந்தாள்.

'பக்கிரிசாமி.'

'வந்தேன்.'

ஜெனி தெரிந்தாள். பிரேமாவதி வீட்டு வாசல்படியில் நின்று, இரண்டு தோழிகளின் தோளில் கை போட்டுக்கொண்டு, தன்னை நோக்கி ஓடிவரும் அம்மாவைப் பார்த்துப் பூரித்துச் சிரித்தாள். சந்தோஷத்தில் ஓடிவருகிறாள் என்று நினைத்துவிட்டாள்.

பாட்டு நின்றது. ஒரு மூச்சு.

கேதரினுக்குப் புரிந்தது. அவள் நின்றாள். வானத்தைப் பார்த்துக் கத்தினாள், "வந்தேன். நான்தான் வந்தேன். என்னைச் சேத்துக்குங்க அண்ணே." வருஷக்கணக்காகப் பாடாத தொண்டை. கரகரவென்று ஏதோ வந்து மழையில் விழுந்தது. பக்கத்தில் நின்றவளுக்குக்கூடக் கேட்டிருக்காது.

ரேடியோவில் இருந்த குரலோ அத்தனை தெளிவு, அத்தனை இனிமை. அது கார்டில் இருந்த பேரைச் சொல்லவில்லை. வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொன்னது. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, தலை சீவக் கூப்பிடுகிற மாதிரி.

'ஜெனி.'

பதினாலு வீட்டிலிருந்தும் அம்மா கூப்பிட்டாள்.

எதிரே, வெள்ளமாகத் தெருவில் ஓடிய தண்ணீரில், ஒரு பொம்பளை வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை அந்தக் கையைப் பார்த்தது. அந்தக் குரலைக் கேட்டது. எந்தக் குரலை ஊர் பூராவும் கேட்கவேண்டும் என்று கார்டு போட்டதோ, அதற்குத்தான் பதில் சொன்னது.

"வந்தேம்மா."

'நாலு பேரு' என்றது பாட்டு. 'ஆளு சரி.'

தபேலா முடித்துக் கொடுத்தது. ஜெனி அங்கேயேதான் நின்றாள். விழவில்லை. கேதரின் போய்ப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள், கன்னத்தைத் தொட்டாள், சூடாகத்தான் இருந்தது. ஜெனி வாயைத் திறந்தாள். வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

"அம்மா" என்று ரேடியோவில் கேட்டது. பிரேமாவதி வீட்டு ரேடியோவில். எதிர் வீட்டில். கோடி வரைக்கும். "அம்மா, இங்க இருட்டா இருக்கு. அம்மா, தண்ணியா இருக்கு." பிள்ளையின் வாய் அதே வார்த்தைகளுக்கு அசைந்தது. கண் அம்மாவையே பார்த்தது. பின்னால் மூன்று பேர் அவளுக்குச் சுருதி பிடித்துக் கொடுத்தார்கள். தோழிகள் சிரிப்பதை நிறுத்திவிட்டு ரேடியோவைப் பார்த்தார்கள்.

"இனிமையான பாடல்" என்றார் அறிவிப்பாளர். "அடுத்து, அலோர் ஸ்டார் நேயர்களுக்காக..."

வேறு யாரோ பாட ஆரம்பித்தார்கள். கேதரினின் கைகளுக்குள் பிள்ளையின் வாய் இன்னும் அசைந்துகொண்டே இருந்தது.