அறுபத்திரண்டு கிலோ

பந்தயத்துக்கு முன் படகை எடை போட்டார்கள். அறுபத்திரண்டு கிலோ கூடுதலாக இருந்தது.

பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. அடியில் ஈயக்கட்டை தொங்கும் அந்தச் சின்னப் பாய்ப்படகை இரண்டு வருடமாகத் தன் கையாலேயே புதுப்பித்தவர் அவர். பழைய வண்ணத்தைச் சுரண்டி, உளுத்த பலகைகளைப் பெயர்த்து, ஒவ்வொரு போல்ட்டையும் மாற்றி, பொட்டு ஈரமில்லாமல் காயவைத்திருந்தார். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

"உள்ள ஏதாச்சும் மறந்து வச்சிட்டீங்களா ஐயா?" என்றார் எடை போடுபவர்.

"என் படகுல மறதிக்கு இடமில்ல."

"அப்ப ஒரு ஆளையே மறந்துட்டீங்க போல!"

பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன், இதே படகிலிருந்து, இறுதிச் சுற்றில் அவர் தம்பி தண்ணீரில் விழுந்தான். "அண்ணே, திரும்பு!" என்று ஒருமுறை கத்தினான். படகு முன்னணியில் இருந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டுத்தான் அண்ணன் திரும்பினார். தம்பி இல்லை. காற்றின் இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை என்று வீட்டில் சொன்னார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை? இன்றைக்கு ஒருமுறை யாரும் குறை சொல்ல முடியாதபடி ஜெயித்தால் குடும்பப் பெயர் மிஞ்சும். அதற்குமேல் அவருக்குத் தெம்பில்லை.

துணைக்கு ஓட்ட வந்த மாப்பிள்ளை படகில் ஏறிய வேகத்தில் இறங்கினார்.

"மாமா, உட்கார இடமில்ல."

"இவ்வளவு இடம் கெடக்கு, கண்ணு தெரியலையா மாப்பிள்ளை?"

"தெரியுது. உட்காரத்தான் முடியல. நான் வரல மாமா, மன்னிச்சிருங்க."

இரண்டு பேர் இல்லாமல் பந்தயமில்லை என்பது விதி. ஆனால் விலகினால் ஊர் சிரிக்கும். தடுத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தனியாகவே கிளம்பினார்.

தொடக்கக் கோட்டருகே நடுவர் விரல் நீட்டி எண்ணினார்.

"ரெண்டு பேர். சரி, போங்க!"

பெரியவர் பக்கவாட்டில் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டார். வெயில் பளீரென்று அடித்தது. பாய்மரக் கயிறுகள் கிறீச்சிட்டன. புது வார்னிஷ் வாடைக்கு அடியிலிருந்து பாசி படிந்த துணியின் நாற்றம் மெல்ல மெல்ல ஏறி அவர் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. காற்று பலத்தது. தனி ஆள் ஓட்டும் படகு இந்நேரம் சாய்ந்திருக்க வேண்டும். சாயவில்லை. காற்று வரும் பக்க விளிம்பில் யாரோ உடம்பை வெளியே சாய்த்து எடை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கைதேர்ந்த ஆள். காற்று கூடினால் அந்த உடம்பு இன்னும் வெளியே சாய்ந்தது. குறைந்தால் உள்ளே வந்தது.

மற்றப் படகுகள் பின்னால் போயின.

எல்லை மிதவை நூறடி. எண்பது. ஐம்பது.

கரையில் கைதட்டல்.

விளிம்பில் பலகை முனகியது. ஒரு முழங்கால் உள்ளே வந்த ஓசை. பிறகு இன்னொன்று.

அவர் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஊறி வெளுத்த கை. நகங்களில்லை. சுக்கான் பிடியில் இருந்த அவர் கைமேல் அது கோபமேயில்லாமல் படிந்தது. தம்பி அண்ணன் கையைப் பிடிக்கிற மாதிரி.

உருவப் பார்த்தார். வரவில்லை.

அந்தக் கை சுக்கானைத் திருப்பியது; பாய் படீரென்று மறுபக்கம் விழுந்தது. மிதவை பக்கவாட்டில் நழுவிப்போனது. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. நிமிர்ந்த அந்த முதுகு முதல்முறையாகத் தளர்ந்து பின்னால் சாய்ந்தது. பின்னால் ஈரமான ஒரு மார்பு அதைத் தாங்கிக்கொண்டது.

படகு கடலைப் பார்த்துப் போனது.