தொடச் சம்மதமில்லை

நிலாக் குடியிருப்பில் காலையில் எழுந்ததும், பல் தேய்ப்பதற்கு முன்னால், எல்லோரும் சுவரைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்வார்கள். "இன்றைக்கு யாரும் என்னைத் தொட நான் சம்மதிக்கவில்லை." சுவர் அதைக் கேட்டுப் பதிந்துகொண்டு பச்சை விளக்கைக் காட்டும். பிறகுதான் குழாயில் தண்ணீர் வரும். சுடலைமுத்து பத்துப் பதினோரு வருடமாக இதைச் சொல்லிவருகிறார். கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது.

அதில் தப்பொன்றும் இருப்பதாக அங்கே யாரும் நினைக்கவில்லை. குறுகலான சுரங்கப் பாதைகள், தானாக இறங்கி மூடும் இரும்புக் கதவுகள், ஆளில்லாமல் ஓடும் சுமைவண்டிகள் என்று இருக்கிற இடத்தில் யாராவது அடிபட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அடிபட்டவரின் நலனைக் காக்க வேண்டாமா? அதற்காக ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் அரிசி அளவில் ஒரு கருவியைப் பதித்திருந்தார்கள். பெயர் நலங்காப்பான். உடம்பு படுகிற வலியை அது நொடிக்கு நொடி அளந்து வைக்கும். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லவே கூடாது என்று காதுக்குள் ஓதும். நஷ்டஈடு அங்கே காசாகக் கிடையாது. பூமிக்குப் போகும் கப்பலில் இடம் பிடிக்க நீண்ட வரிசை ஒன்று உண்டு. ஒருவருக்கு யாரால் அதிக வலி ஏற்பட்டதோ, அவர் வரிசையில் தன் இடத்தை அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

சுடலைமுத்துவுக்குக் கீரைக்கூடத்தில் வேலை. அவருடைய ஒரே மகள் உலகம்மை பூமியில், பாளையங்கோட்டையில், முழுகாமல் இருந்தாள். தாயில்லாப் பெண். பிரசவத்தின்போது தானாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மனிதர் தவியாய்த் தவித்தார். ஆனால் அவருடைய முறை வருவதற்குள் அந்தக் குழந்தை பள்ளிக்கூடமே போய்விடும். அடுத்த கப்பலில் இடம் இருந்ததோ பக்கத்து அறை மரியபுஷ்பத்துக்கு. தூத்துக்குடிக்காரி. ஊரில் அவளுடைய அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. முழுவதும் போவதற்குள் ஒருமுறை முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்று மூட்டையைக் கட்டி வைத்துவிட்டாள்.

ஒருநாள் சுரங்கப் பாதையில் மகளிடம் போனில் பேசிக்கொண்டே நடந்த சுடலைமுத்து, கவனிக்காமல் சுமைவண்டித் தடத்தில் கால் வைத்துவிட்டார். வண்டி முழங்காலில் மோதி, அவரை ஓர் இரும்புக் கதவின் வாசலில் கொண்டுபோய்த் தள்ளியது. கதவு இறங்கத் தொடங்கிவிட்டது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அங்கே அதுதான் மரியாதை.

மரியபுஷ்பம் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "அண்ணாச்சி, கையக் குடுங்க!"

'அசையாதீர்கள். சம்மதம் என்று சொல்லிவிடாதீர்கள்' என்றது நலங்காப்பான். சுடலைமுத்து கையைக் கொடுக்கவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை. அக்குளில் கையைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கதவு இறங்கிய வேகத்தில், வாசலில் கழன்று கிடந்த அவருடைய செருப்பு இரண்டு துண்டானது.

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேம்லா" என்று அவள் மூச்சு வாங்கினாள்.

அவருக்கு நன்றி சொல்ல வாய் வந்துவிட்டது. 'சொல்லாதீர்கள். நன்றி சொன்னால் அது சம்மதமாகக் கருதப்படும்' என்றது காதுக்குள் குரல். வாயை மூடிக்கொண்டார்.

அன்று மாலை மருத்துவக் கூடத்தில் படுத்திருந்தவரிடம் நலங்காப்பான் நிலைமையை எடுத்துச் சொன்னது. முழங்கால் விஷயத்தில் பிழை அவருடையது. வண்டித் தடத்தில் கால் வைத்தது அவர்தானே? தோள்பட்டை விஷயம் அப்படியில்லை. அங்கே ஒரு சுளுக்கு இருந்தது. சம்மதம் இல்லாமல் இழுத்ததால் வந்த சுளுக்கு.

"சீச்சீ! அந்தப் புள்ள என் உசுரக் காப்பாத்துனவ" என்றார் சுடலைமுத்து.

'அடுத்த கப்பலில் அவருக்கு இடம் இருக்கிறது' என்றது குரல்.

சுடலைமுத்து அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில் நலங்காப்பானுக்குத் தயக்கமே இருக்கவில்லை.

விசாரணைக்குள் தோள்பட்டைச் சுளுக்கு விட்டே போயிருந்தது. நடுவரும் ஓர் இயந்திரம்தான். அதன் பின்னால் சுவரில் சுடலைமுத்துவின் வலி ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மோதிய இடத்தில் ஒரு மேடு, தோளை இழுத்த இடத்தில் ஒரு சின்னப் பரு. மரியபுஷ்பம் உள்ளே வந்ததும் முதலில் அவரிடம்தான் வந்தாள். "காலு தேவலையா அண்ணாச்சி? ஊன்ற முடியுதா?" என்று கேட்டாள். கோபத்தின் சாயல்கூட இல்லாத முகம். அவருக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இவர் உங்கள் சம்மதமில்லாமல் உங்களை இழுத்தாரா?" என்று கேட்டது நடுவர்.

அவர் அவளைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

சுவரில் ஓடிய கோடு விருட்டென்று எழும்பிக் கூரையைத் தொட்டது.

"இந்தக் குடியிருப்பில் இதுவரை பதிவானதிலேயே பெரிய வலி" என்று நடுவர் அறிவித்தது. "இவரைப் பார்த்தபோது ஏற்பட்டிருக்கிறது. ஆகவே இவரால் ஏற்பட்டது. கப்பலில் இவருடைய இடம் உங்களுக்கு."

சுடலைமுத்து ஊன்றுகோலை எறிந்துவிட்டு எழுந்தார். "அய்யா, இது வலியில்ல. வெக்கம்! பொழைக்க வச்சவளக் காட்டிக் குடுத்துட்டு நிக்கேன், அந்த வெக்கம். எனக்கு இந்த இடம் வேண்டாம்!"

"அடிபட்டவர் தம் நலனுக்கு எதிராகச் சொல்வதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது விதி. வலியில் பிதற்றுகிறார்" என்றது நடுவர்.

'அருமை' என்றது நலங்காப்பான். 'இந்த முறையை மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.'

மரியபுஷ்பம் திட்டியிருந்தால் பரவாயில்லை. "நீங்க பொய்யா சொன்னீக? கேக்காமத்தான இழுத்தேன்" என்றாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "மகளக் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள்.

கப்பலில் ஏறாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவர் ஏறாவிட்டால் இடம் காலியாகத்தான் போகும், அவளுக்குத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

பூமியில் இறங்கியதும் முதல் வேலையாகக் காதுக்குப் பின்னால் இருந்ததை எடுத்துவிட்டார்கள். "இங்க இதெல்லாம் கெடையாது அய்யா" என்று சிரித்தாள் நர்ஸ். சுடலைமுத்துவுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. செய்ததெல்லாம் அந்த அரிசிதான், தான் இல்லை. பூமியின் எடைக்கு உடம்பு பழகும் வரை படுக்கையில் கிடந்தபோது தனக்குத்தானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு பகல் வேளையில் மருமகன் வேலாயுதம் வந்து, பேத்தி பிறந்த செய்தியைச் சொல்லி அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினான். ஆள் ஓட்டாமல் தானே ஓடும் வண்டி. ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சாலையில் ஒரு ஸ்கூட்டர் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பெண் விழுந்து கிடந்தாள். சுற்றி நின்றவர்கள் செல்லைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி தானாகவே வேகம் குறைந்து நின்றது. "ஒருவர் அடிபட்டிருக்கிறார். பின் இருக்கையில் இடம் இருக்கிறது. ஏற்றிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டது.

"வேண்டாம், போ" என்றான் வேலாயுதம். பிறகு மாமனாரைப் பார்த்து, "நமக்கெதுக்கு மாமா வம்பு? தூக்குனா, நீதான் இடிச்சேம்பான். போலீசு, கோர்ட்டுன்னு அலைய முடியுமா?" என்றான்.

சுடலைமுத்து அவனையே பார்த்தார். "மாப்ள, ஒங்க காதுல என்ன வச்சிருக்கு?"

"என் காதுலயா?" வேலாயுதம் தடவிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லியே."

"அப்ப இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"இதையெல்லாமா ஒருத்தர் சொல்லிக் குடுக்கணும்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான மாமா."

வண்டி நகரவில்லை. "அடிபட்டவரை விட்டுச் செல்ல, உள்ளே இருக்கும் எல்லோரும் மறுக்க வேண்டும்" என்றது. "உங்கள் விருப்பம் என்ன, ஐயா?"

சுடலைமுத்துவின் ஒரு கை கதவுப் பிடிக்குப் போயிற்று. இன்னொரு கை தன்னை அறியாமல் காதுக்குப் பின்னால் போயிற்று. அங்கே ஆறிப்போன தழும்புதான் இருந்தது. காதுக்குள் யாரும் பேசவில்லை. வெளியே அந்தப் பெண் தலையைத் தூக்கி, வண்டிக்குள் இருந்த அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். ஆஸ்பத்திரியில் உலகம்மை குழந்தையோடு காத்திருப்பாள்.

"எனக்குத் தோள்பட்ட சரியில்ல" என்றார் சுடலைமுத்து.

வண்டி கிளம்பியது.