உருண்டை ஏன் துப்பினாள்?

பதினெட்டாவது நாளும் உருண்டை துப்பிவிட்டாள். மசித்த காரட் அவள் நாக்கில் இரண்டு விநாடி இருந்தது. பிறகு மோவாய் வழியாக மெல்ல இறங்கி வந்து அம்மாவின் ஆபீஸ் சேலையில் விழுந்தது. உருண்டை என்று வீட்டார் கூப்பிடும் அந்த ஏழு மாதக் குழந்தைக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அம்மாவுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

கதவருகே நின்ற பெரியவள் துணியை எடுத்து நீட்டினாள். அந்த வீட்டின் மூத்த மருமகள் அவள். குழந்தை பெற்ற ஓரகத்தி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றதும், பதினோரு வருடம் துணி வெட்டிய தையல் கம்பெனி வேலையை ஒரே வாரத்தில் விட்டவள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே விட்டாள். அவளுக்கென்று பிள்ளை இல்லை. கணவர் லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூரில். உருண்டை மடியில் ஏறிய பிறகு அவளுக்குப் பொழுது போவதே தெரியவில்லை.

குழந்தையின் அம்மாவான சின்னவளுக்கு மருந்துக் கம்பெனியில் பரிசோதகர் வேலை. மாத்திரையை உடைத்து, கரைத்து, எடை போட்டு, நோட்டில் எழுதுவது அவள் பிழைப்பு. குழந்தைக்கு முதன்முதலாக உணவு ஊட்டுவதையும் அப்படித்தான் ஆரம்பித்தாள். மூன்று நாளைக்கு ஒரு புதுக் காய். எத்தனை கரண்டி, எத்தனை நிமிடம், தோலில் தடிப்பு உண்டா என்று கட்டம் போட்ட நோட்டு. ஊட்டும் இடத்தில் வேறு யாரும் எதையும் வாயில் போடக் கூடாது. பரிசோதனைக் கூடத்தில் சாப்பிட்டால் வேலையே போய்விடுமாம். அந்தச் சட்டம் வீட்டுக்கு வந்த இரண்டே நாளில், குழந்தையின் கண்ணில் படும் இடமெல்லாம் பரவிவிட்டது. அவள் கணவன் தட்டோடு மொட்டைமாடிக்கு ஓடுவான். வாயைத் திறந்தால் வம்பு என்று அவனுக்குத் தெரியும்.

அன்று சின்னவள் நோட்டைப் பட்டென்று மூடினாள். எடை குறையவில்லை, ஒரு கரண்டியும் உள்ளே இறங்கவில்லை. அப்படியானால் வயிறு வேறெங்கோ நிரம்புகிறது என்று முடிவு கட்டினாள்.

"நான் போனப்புறம் அவளுக்கு என்னமோ குடுக்குறீங்க அக்கா. உங்க கையால மட்டும்தான் சாப்பிடணும்னு பழக்குறீங்க."

பெரியவள் ஓரடி முன்னால் வந்தாள். "நீ வச்சிட்டுப் போற பாலைத் தவிர ஒண்ணும் குடுத்ததில்ல… உன் புள்ள மேல சத்தியமா…"

"என் புள்ள மேல சத்தியம் பண்ணாதீங்க."

திங்கட்கிழமையிலிருந்து குழந்தை காப்பகத்துக்குப் போகும், பேசி முடித்தாயிற்று என்றாள் சின்னவள். இன்றைக்கு லீவு சொல்லிவிட்டாளாம், அவளே பார்த்துக்கொள்வாளாம், அக்கா ஓய்வெடுக்கலாமாம். அந்த ஓய்வுதான் பெரியவளைக் கொன்றது.

சமையலறைக்குப் போனாள். கைக்கு வேலை இல்லை, மடியில் பாரம் இல்லை. தையல் கம்பெனியில் அவள் மேசைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. திங்கட்கிழமைக்குப் பிறகு இந்த வீட்டில் தான் யார் என்று யோசித்தாள். கோபம் வந்தால் சிலருக்குப் பசி அடங்கிவிடும். இவளுக்கோ குடலைப் பிடுங்கியது. இரண்டு ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் எடுத்துப் போட்டு, கண்ணைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அப்போது வடிகட்டி எடுக்க வந்தாள் சின்னவள். ஒரு கையில் காரட் கிண்ணம், இடுப்பில் உருண்டை.

"அக்கா, அவ முன்னாடி…"

சொல்ல வந்தது பாதியில் நின்றது. உருண்டை பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தட்டுக்குப் போகிறது, வாய்க்கு வருகிறது, தாடை அசைகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது. இது என்ன வேடிக்கை என்பதுபோல் இடுப்பிலிருந்து சரியச் சரியக் குனிந்தாள். பிறகு அவளுடைய வெறும் தாடையும் அசைய ஆரம்பித்தது.

சின்னவளுக்குள் இருந்த பரிசோதகி விழித்துக்கொண்டாள். இன்னொரு வாய் சாப்பிடச் சொன்னாள். குழந்தையின் வாய் திறந்தது. நிறுத்தச் சொன்னாள். மூடிக்கொண்டது. மூன்று தடவை பார்த்தும் அதேதான். காரட்டை முதலில் தன் வாயில் போட்டு, மெல்லத் தேவையே இல்லாததை ஊரே பார்க்கும்படி மென்றாள். வேறு கரண்டியில் எடுத்து நீட்டினாள். உருண்டை கவ்வினாள், விழுங்கினாள், தன் தொண்டைக்குள் என்ன போயிற்று என்று திகைத்தாள், மறுபடி வாயைத் திறந்தாள். ஆறு கரண்டி இறங்கியது.

சின்னவள் மெதுவாகக் கேட்டாள். "நீங்க தினமும் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க அக்கா?"

"அவ தூங்கினப்புறம். மூணு, மூணரை ஆகும்."

"காலையிலேர்ந்து ஒண்ணுமே இல்லாமயா?"

"நீதானே சொன்னே, அவ முன்னாடி யாரும் சாப்பிடக் கூடாதுன்னு. அவ என்னை விட்டு நகர மாட்டேங்குறா… நான் என்ன பண்ண?"

சின்னவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் போட்ட சட்டத்துக்கு நீங்க பட்டினி கிடந்திருக்கீங்க. அதனாலதான் அவளுக்குச் சாப்பாடுன்னா என்னன்னே தெரியல. நான் போய் உங்களை…" பெரியவளின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

பெரியவள் உடனே இளகிவிடவில்லை. "காப்பகத்துக்கு ஃபோன் பண்ணு. அப்புறம் அழு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சின்னவள் ஃபோன் செய்தாள். குழந்தை வராது, எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது என்றாள். அதைக் கேட்டபோதுதான் பெரியவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. ஓரகத்தியைக் குழந்தையோடு சேர்த்து இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அணைப்பிலிருந்து ஒரு கையை விடுவித்து, சின்னவள் தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள். "ஆறிப்போச்சு… வாயைத் திறங்க அக்கா."

பெரியவள் வாயைத் திறந்தாள். நடுவில் நசுங்கிக்கிடந்த உருண்டையும் திறந்தாள்.