அறவாழியின் எழுத்துவாடை

செவ்வாய்க் குடியிருப்பில் மின்னஞ்சல் அனுப்பக் கடவுச்சொல் கேட்பதில்லை. எழுத வேண்டியதை எழுதினால் போதும். எந்தச் சொல்லை இழுக்கிறோம், எதை விழுங்குகிறோம் என்று மோந்து பார்த்து, ஆள் இன்னார்தான் என்று தெளிந்த பிறகே பூமிக்கு இணைப்புக் கொடுக்கும் அஞ்சல்காவல் என்ற இயந்திரம். இதற்கு எழுத்துவாடைச் சோதனை என்று பெயர். உருவாக்கியவர் தலைமைப் பொறியாளர் அறவாழி.

"கடவுச்சொல்லைப் பக்கத்து அறைக்காரன்கிட்ட குடுத்துட்டுக் குறட்டை விடுற ஜென்மங்களுக்கு வேற என்னத்தைச் செய்ய?" என்பார். மனிதர்கள்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை!

அன்று காலை அவருக்கே ஓர் அஞ்சல் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து மனைவி பூங்கோதை எழுதியிருந்தாள்: "எட்டு வருஷமா நீங்க போடுற மெயில்ல உசுரே இல்ல. அங்க வர்ற கப்பல்ல எனக்கு சீட்டு இருக்கு. வரட்டுமா, வேண்டாமா? சாயங்காலத்துக்குள்ள மனசுல இருக்கதை எழுதுங்க. இல்லன்னா சீட்டை விட்டுருவேன்."

உயிர் எங்கிருந்து வரும்? எழுதியது அவருடைய எழுதுபொறி. 'நலம். நலமறிய ஆவல். பணி மிகுதி' என்று வாராவாரம் அதுவே எழுதி அதுவே அனுப்பிவிடும். பெண்டாட்டிக்கு நாலு வரி எழுத நேரமில்லாத அளவுக்குத் துரைக்கு வேலை!

முதன்முறையாகத் தன் கையால் எழுதினார். "கோதை, என்னை மன்னிச்சிரு. நீ இல்லாம சோறே இறங்கல. வந்துரும்மா." எழுதும்போது கண் கலங்கியது. அது நிஜக் கண்ணீர்தான், மறுப்பதற்கில்லை.

"இது அறவாழியின் வாடை அல்ல" என்றது அஞ்சல்காவல்.

"ஏ மூதி! நான்தாம்ல அறவாழி! ஒன்னைச் செஞ்சவன்!"

"அறவாழியின் எட்டு ஆண்டு அஞ்சல்களும் என்னிடம் உள்ளன. அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை."

பக்கத்து அறை சூசையிடம் ஓடினார். தன்னுடைய வரிகளைச் சூசையின் கணக்கிலிருந்து அனுப்பும்படி கெஞ்சினார். சூசைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒங்க எழுத்தை என் வழியா விட்டா எனக்கும்லா கதவைச் சாத்திரும்? நீங்க போட்ட சட்டந்தான அண்ணாச்சி!"

திரும்பி வந்து மறுபடியும் எழுதினார், அதற்குப் பிறகும் எழுதினார். மூன்றாம் முறை காவல் அவர் கணக்கைப் பூட்டியது. அவரே வகுத்த விதிப்படி பூங்கோதைக்கு எச்சரிக்கையும் அனுப்பியது: "உங்கள் கணவர் பெயரில் அந்நியர் ஒருவர் உங்களிடம் அன்பாகப் பேச முயன்றார். அவர் எழுதியதைச் சான்றாக இணைத்துள்ளோம். நம்ப வேண்டாம்."

சாயங்காலம் அவள் பதில் காவலுக்கு வந்தது. பூட்டிய திரையில் அறவாழியும் அதைப் படித்தார்.

"கரெக்டாப் பிடிச்சீங்க, ரொம்ப நன்றி. எங்க வீட்டுக்காரர் இப்படிப் பேசுற ஆளே இல்ல. அவர்கிட்டருந்து பதிலும் வரல, அதனால சீட்டை விட்டுக்கொடுத்துட்டேன். இதை எழுதுன ஆளை ஒண்ணும் செஞ்சிராதீங்க. யாரோ, நல்ல மனுசனாத்தான் இருப்பாரு."